பத்துப் படி இறங்கச் சொன்னோம்

போன மாதம் நிவேதா என்ற இளம் மனநல ஆலோசகர் என்னைப் பார்க்க வந்தாள். பயத்தையும் கெட்ட பழக்கத்தையும் போக்குகிற ஹிப்னாடிசப் பேச்சுகளைப் பதிவு செய்து, செல்போனில் கேட்கிற மாதிரி ஒரு செயலி தயாரிக்கிறார்களாம். அதற்கு என் குரல் வேண்டுமாம். பேச்சு முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும்: 'உங்கள் பயம் குறைந்ததா?' கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். முன்னோட்டமாகக் கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் சிலரிடம் கொடுத்துப் பார்த்ததில், அநேகமாக எல்லோரும் 'ஆம்' என்றே தொட்டிருக்கிறார்களாம். சொல்லும்போதே அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அந்த 'ஆம்' என் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவளிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்று சரியாக நினைவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன். அவள் போன பிறகு பழைய நோயாளி மாசிலாமணி வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருஷம் இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும், ஓய்வு பெற்றவளுக்கு மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

நான் கௌசல்யா. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம். உளவியல் படிக்கிறேன் என்றதும், "பைத்தியக்காரங்களோட உனக்கென்ன சோலி" என்று அப்பா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. படித்தேன், பெங்களூரில் சில வாரம் பயிற்சி எடுத்தேன், கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ந்தேன். தலை நரைத்து வெளியே வரும்வரை அங்கேதான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் வரதராஜன். சென்னைக்காரர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் அதிகமானால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். ஹிப்னாடிசம் என்றாலே மேடையில் ஆளைக் கோழி மாதிரி கூவ வைக்கிற வித்தை என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தபோது, அதையும் மருந்து போல அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். "இது தூக்கம் இல்ல, கௌசல்யா. கவனம். வேற எங்கயும் ஓடாம ஒரே இடத்துல நிக்கிற கவனம். அந்த நேரத்துல சொல்ற நல்ல வார்த்தை மனசுல ஒட்டும், அவ்வளவுதான்" என்பார்.

ஒட்டவும் செய்தது. பச்சரிசியை மடியில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருந்த ஒரு பெண் ஐந்து வாரத்தில் அதை மறந்தே போனாள். ஊசி என்றால் மயங்கி விழுகிற கல்லூரிப் பெண் ஒருத்தி, தானே சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றாள். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பின்னால் வந்த அடி அப்படி வலித்தது.

முறையைச் சொல்லிவிடுகிறேன். வராந்தாவின் கடைசியில் ஒரு சின்ன அறை. செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். குளிர்சாதனம் மட்டும் ஓடும்; மின்விசிறி கிரீச்சிடும் என்று அதை நிறுத்திவிடுவார் டாக்டர். வந்தவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, கண்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் குத்தியிருக்கும் குண்டூசியின் தலையைப் பார்க்கச் சொல்வார். இமை களைத்து மூடிக்கொள்ளும். அடுத்து கை. 'உங்கள் வலது கை பஞ்சைப் போல லேசாகிறது, தானாக மேலே எழும்புகிறது' என்பார். எழும்பும். அதற்கப்புறம் படி. 'உங்கள் முன்னே பத்துப் படிகள் தெரிகின்றன. ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறீர்கள். இறங்க இறங்க ஆழமாக, இன்னும் ஆழமாக, அமைதிக்குள் போகிறீர்கள்.' பத்தாம் படியில் நிறுத்தி, எதற்காக வந்தாரோ அந்தப் பயத்துக்கோ பழக்கத்துக்கோ உண்டான பேச்சு. கடைசியில் ஐந்து வரை எண்ணி விழிக்க வைப்பார். இந்த வாசகம் முழுவதையும் ஆங்கிலப் பிரதியிலிருந்து அவரே தமிழில் எழுதி, டைப் அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ஒரு சொல் மாற விடமாட்டார்.

என் வேலை பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது. மூச்சு, இமை, வியர்வை, கை, கால். நடுவில் ஒரு முறை டாக்டர் என் பக்கம் திரும்பி, "சரியா போகுதில்ல?" என்று மெதுவாகக் கேட்பார். நான் "ஆமாங்க சார்" என்பேன். இது எங்கள் வழக்கம்.

"இந்த ஊர் ஜனங்க எவ்வளவு ஒத்துழைக்கிறாங்க பாருங்க" என்று டாக்டர் அடிக்கடி வியப்பார். "மெட்ராஸ்ல நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் கண்ணையே மூடுவான். இங்க கைய தூக்குங்கன்னா தூக்கறாங்க." எனக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் ஊர் ஜனமல்லவா.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் மாசிலாமணி வந்தார். நாற்பதைத் தாண்டியவர், சிங்காநல்லூரில் குடியிருப்பு. கூட அவர் மனைவி எஸ்தர். கிணற்று மோட்டார் மெக்கானிக் அவர். எங்கள் பக்கத்துக் கிணறு எண்பது அடி, நூறு அடி என்று பாதாளத்துக்குப் போகும். தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரையும் கீழே இறக்கி, கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடை கட்டி வைத்திருப்பார்கள். மோட்டார் நின்றுவிட்டால், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படியில் கால் வைத்து மெக்கானிக் இறங்கியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி இறங்கும்போது ஒரு படி பெயர்ந்து, மாசிலாமணி தண்ணீரில் விழுந்திருக்கிறார். பைப்பைப் பிடித்துக்கொண்டு உச்சிப்பொழுது வரை கிடந்த பிறகே ஆள் வந்து தூக்கினார்களாம். அதற்கப்புறம் கிணற்றுமேட்டுக்குப் போனாலே முட்டி கட்டிக்கொள்கிறது.

"பட்டறையில ஒக்காந்து மோட்டாருக்குக் காயில் சுத்திக்கிட்டு இருக்கறாருங்க" என்றார் எஸ்தர். "கெணத்துல எறங்காத மெக்கானிக்க எவனுங்க கூப்புடுவான். பட்டறைக்காரரும் இந்த வெயில் காலம் வரைக்கும்தான் பாப்பேன்னு சொல்லிப்போட்டாருங்க. இவருக்கு வேற தொழில் தெரியாது. அதே வெசனத்துல சோறு எறங்க மாட்டேங்குது."

பேச்சுவாக்கில் எஸ்தர், "அம்மணிக்கு எந்தூருங்க?" என்று கேட்டார். "கோபிப் பக்கங்க" என்று சொல்லி ஊர்ப்பேரையும் சொன்னேன். மாசிலாமணி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.

வாரத்துக்கு ஒன்றாக நான்கு அமர்வு. மாசிலாமணி மாதிரி ஆளே கிடைக்காது என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது. குண்டூசியைப் பார்க்கச் சொன்ன நிமிஷத்தில் கண் மூடியது. கை எழும்பு என்றால் எழும்பியது, நிற்கச் சொன்ன உயரத்தில் நின்றது. படி இறங்கும்போது சட்டைக் காலர் நனைந்தது. வெறும் காலில் இருந்ததால் கால் விரல்கள் மடங்கித் தரையைக் கவ்வியதும் தெரிந்தது. 'விரல் மடங்குகிறது, வியர்வை அதிகம்' என்று நோட்டில் எழுதினேன். டாக்டர் திரும்பி, "சரியா போகுதில்ல?" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். நான்கு வாரமும் எழுதினேன், நான்கு வாரமும் சொன்னேன்.

கடைசி நாள் டாக்டர் கேட்டார்: "இப்ப கிணத்தை நெனச்சா எப்படி இருக்கு? பயம் போயிடுச்சில்ல?"

"போயிருச்சுங்க சார்."

"இறங்கலாமில்ல?"

"எறங்கிப்போடலாங்க."

இவர் வேலைக்குத் தகுதியானவர் என்று பட்டறைக்காரருக்கு ஒரு கடிதம் டைப் அடித்தது நான். கையெழுத்து டாக்டருடையது.

கடிதம் கொடுத்த நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கீழே அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற ஒரு நோயாளி வந்திருக்கிறார் என்றார்கள். படியிறங்கி ஓடினேன். மாசிலாமணியை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்து கை ஒரு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் செம்மண், பாசி. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

விடிந்ததும் வேலைக்குக் கூப்பிட்டார்களாம். கடிதம்தான் இருக்கிறதே, போயிருக்கிறார். பாதிக் கிணறு இறங்கியதும் உடம்பு நின்றுவிட்டது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. பைப்பைக் கட்டிப் பிடித்தபடி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். கயிறு விட்டார்கள். அதைப் பிடிக்கப் பைப்பை விட வேண்டுமே, கை விடவில்லை. கடைசியில் இருவர் இறங்கி, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுப்பில் கயிறு கட்டித் தூக்கும்போது சுவரில் மோதி மணிக்கட்டு போனது. கயிறு கட்டும் முன் கை சோர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றைக்கும் யோசித்து முடித்ததில்லை.

எஸ்தர் சுவரோரம் நின்றிருந்தார். என்னைத் திட்டுவார், அறைந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கிட்டே போனேன். "அம்மணி, நீங்க தப்பா நெனச்சுக்கப்படாது" என்று ஆரம்பித்தார். அந்த நிலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தார். "இவருக்கு அங்க ஒருநாளும் மயக்கமும் வரல, தூக்கமும் வரலீங்க. சும்மா கண்ண மூடிட்டு உக்காந்திருந்தாராம். போன வாரந்தான் எங்கிட்டச் சொன்னாரு. நாந்தான் கிறுக்கி, பெரிய டாக்டருக்குத் தெரியாதா, நீங்க சும்மா இருங்கன்னு சொல்லிப்போட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அப்படியானால் எழும்பிய கை யாருடைய கை?

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். மாவுக்கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்கார வைத்து, நோட்டு இல்லாமல், பேனா இல்லாமல் கேட்டேன்.

"கை தானா எந்திரிச்சுதுங்களா?"

"நாந்தானுங்க தூக்குனேன்."

"எதுக்குங்க?"

"எந்திரிக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. எந்திரிக்கலீன்னா அவருக்குச் சங்கடமா இருக்குமில்லீங்க. அவ்வளவு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசறாரு, பாவம்." கொஞ்சம் நிறுத்தி, "தோளு வலிச்சுதுங்க" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அந்தப் படி?" என்றேன். கேட்கும்போதே எனக்குள் ஏதோ இடறியது.

"அதுதானுங்க கஷ்டமாப் போச்சு. பத்துப் படி எறங்குங்க, ஆழமாப் போங்கங்கறாரு. எனக்குப் படின்னா கெணத்துப் படிதானுங்க. மூணாவது படியிலயே பாசி வாசம் வந்துரும். அஞ்சாவதுல தண்ணி தெரியும். இன்னும் ஆழமா, இன்னும் ஆழமாங்கறாரு. நானும் எறங்கிட்டே இருந்தேன். ஊட்டுக்குப் போனா ராத்திரியெல்லாம் காலு ஆடும்."

கிணற்றைக் கண்டு பயந்து வந்த மனுஷனை வாரம் தவறாமல் கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறோம். குளிர்சாதன அறையில், மெதுவான குரலில், பிளாஸ்டிக் உறை போட்ட வாசகத்தோடு இறக்கியிருக்கிறோம். அந்த வாசகத்தை நான் எத்தனையோ தடவை கேட்டவள். கிணறு வெட்டுவதையும் ஆள் இறங்குவதையும் பார்த்து வளர்ந்தவள். எனக்கு உறைக்கவே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றேன். கேட்டது தப்பு என்று வாயை விட்டு வெளியே வந்ததும் தெரிந்தது.

அவர் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கப்பன் உங்க பக்கத்துத் தோட்டத்துலதானுங்க பண்ணயத்துக்கு இருந்தாரு. தோட்டத்துக்காரங்க முன்னால இல்லீங்கன்னு சொன்ன நாக்கு எங்க ஊட்டுல கெடையாது. நா தொழில் கத்துக்கிட்டு டவுனுக்கு வந்தவன், எனக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லீங்க. பட்டறையில சண்டையெல்லாம் போடுவேன். ஆனா அம்மணி அன்னைக்கு ஊர்ப்பேர் சொன்னீங்க பாருங்க, எம்பட வாயி அங்கயே போயிருச்சு."

தூக்கிவாரிப் போட்டது என்று எழுதினால் போதாது. கிணற்றில் அவர் தொங்கிய செய்தி கேட்டபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. எங்கள் ஊர் மரியாதை, எங்கள் ஊர்ப் பண்பு என்று நான் இத்தனை நாள் பெருமைப்பட்ட 'சரிங்க'வில் பாதி பயம் இருந்திருக்கிறது. என் வீட்டு வாசலிலிருந்தே வந்த பயம். துண்டு தோளிலிருந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நோட்டில் தேடியிருக்கிறேன்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் போய், நோயாளியின் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாசகத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "நீங்க ஒரு கிணத்து மெக்கானிக்குன்னு நெனச்சுக்கிட்டுக் கேளுங்க சார்" என்று சேர்த்துச் சொன்னேன். நாலாவது படியில் "நிறுத்துங்க" என்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"விரல் மடங்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கௌசல்யா."

"எழுதினேங்க சார்."

"அப்புறம் எப்படி 'ஆமாங்க'ன்னு சொன்னீங்க?"

"நீங்க 'சரியா போகுதில்ல'ன்னு கேட்டீங்க சார்."

"அது கேள்விதானே?"

"இல்லீங்க சார்" என்றேன். பல வருஷ வேலையில் அவரிடம் நான் சொன்ன முதல் 'இல்லீங்க' அது. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே வார்டுக்கு வந்து மாசிலாமணியின் கட்டில் பக்கத்தில் நின்று, "தப்பு எங்க மேலதான்" என்றார். மாசிலாமணி பதறி, "அட உடுங்க சார், அதனால என்னுங்க" என்று ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "இதுக்கு மட்டும் பரவால்லன்னு சொல்லாதீங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க." மாசிலாமணி என்னைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார். அப்புறம், "வலிக்குதுங்க சார். உங்க மேல கோவமும் இருக்குது" என்றார். டாக்டர் தலையசைத்தார்.

பழைய நோயாளிகள் பற்றியும் டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடிதம் போட்டால் சுகமாக இருக்கிறோம் என்றுதான் பதில் வரும், நேரில் போய்ப் பாருங்கள் என்றார். முதலில் போனது ஈரோட்டுக்கு. மஞ்சள் மண்டி ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், புகையிலையை அறவே விட்டுவிட்டதாகச் சொல்லி எங்களுக்கு இனிப்பெல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர். மண்டி வாசலில் என்னைக் கண்டதும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். "உங்க மூஞ்சியப் பாத்தா உட்டுப்போட்டேனுங்கன்னுதான் வாயில வருது, நா என்ன பண்ணட்டும்" என்றார். எனக்குப் பொக்கென்று போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் கணக்கில்லாத 'ஆமாங்க'க்கள் காதில் கேட்டபடியே இருந்தன. ஆனால் பச்சரிசிப் பெண் உண்மையாகவே விட்டிருந்தாள். அவள் மாமியாரே சொன்னார். எல்லாமே பொய் என்றிருந்தால் வேலையை விட்டிருப்பேன். பாதி நிஜமாக இருந்ததுதான் என்னைப் பிடித்து வைத்தது.

அன்று முதல் எங்கள் அறையில் ஆமாங்க என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியே கூடாது என்று வைத்தோம். 'பயம் போச்சா' என்று கேட்கக் கூடாது. 'பயம் இப்போது உடம்பில் எங்கே இருக்கிறது' என்று கேட்க வேண்டும். 'கை லேசாக இருக்கிறதா' கூடாது. 'கை எப்படி இருக்கிறது' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். யாரை எந்தப் படியிலும் இறக்குவதற்கு முன், அவருக்குப் படி என்றால் எது என்று கேட்டாக வேண்டும்.

மாவுக்கட்டு இருக்கும்போதே மாசிலாமணி மறுபடி எங்களிடம் வரச் சம்மதித்தார். "கண்ண மட்டும் மூடச் சொல்லாதீங்க. மூடுனா கெணறு வந்துருது" என்றார். அந்த மறுப்பைக் கேட்டு டாக்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கண்ணைத் திறந்துகொண்டே எப்படி என்று நாங்கள் யோசிக்கும்போது எஸ்தர்தான் வழி சொன்னார். "காயில் சுத்த உக்காந்தாருன்னா பக்கத்துல இடி உழுந்தாலும் தெரியாதுங்க. போட்ட காபி ஆறி ஏடு கட்டிக் கெடக்கும்."

மோட்டாருக்குள் இருக்கும் செப்புக் கம்பியைச் சுற்றுகிற கைமெஷினைப் பட்டறையிலிருந்து அறைக்குக் கொண்டுவந்தோம். வலது கை நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடியைச் சுற்றியபடி, சுற்றுகளை முணுமுணுப்பாக எண்ண ஆரம்பித்தார். ஐம்பதைத் தாண்டியதும் மூச்சு நிதானமாகியது. எண்பதில் இமைப்பது குறைந்தது. முகத்துச் சதை தளர்ந்து தொங்கியது. டாக்டர் விரலைச் சொடுக்கினார், திரும்பவில்லை. நான் மிரண்டு போனேன். நான்கு வாரம் நாங்கள் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசி வராதது, இந்த மனுஷனுக்குத் தினமும் பட்டறையில் தானாக வந்துகொண்டிருந்திருக்கிறது. டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "புடின்னா கை புடிக்கும். உடுன்னா கை உடும். அது உங்க கை." இந்த மூன்று வாக்கியம் போதும் என்று முடிவு செய்திருந்தோம். அதையும் மாசிலாமணியிடமே கேட்டு, அவர் பேசுகிற பேச்சிலேயே வைத்தோம்.

ஆனியிலும் ஆடியிலும் இது நடந்தது. அப்புறம் கிணறு. பட்டறைக்காரருக்குத் தெரிந்த தோட்டத்தில், இடுப்பில் பட்டை கட்டி, மேலே இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடிக்க, முதல் நாள் கிணற்றுமேடு வரை. அடுத்த நாள் மூன்று படி. அதற்கடுத்த நாள் மேட்டிலேயே நின்று, "இன்னைக்கு வேண்டாங்க" என்றார். சரி என்று திரும்பிவிட்டோம். வழியில் டாக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் ஏழு படி, ஒரு நாள் நான்கு. ஒவ்வொரு படியிலும் பயம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். ஒரு நாள் எனக்கே பொறுமை போய், "இன்னும் ரெண்டு படிதானுங்க" என்றேன். "அம்மணி, எறங்கறது நானுங்க" என்றார். வாயைப் பொத்திக்கொண்டேன்.

புரட்டாசியில் அதே தோட்டத்து மோட்டார் நிஜமாகவே நின்றுபோனது. மாசிலாமணி தானாகவே எங்களுக்குப் போன் செய்து, நாளைக்குக் காலையில் இறங்குகிறேன், வந்து நில்லுங்கள் என்றார். வெயில் ஏறுவதற்குள் டாக்டரும் நானும் போய்விட்டோம், எஸ்தரும் வந்திருந்தார். பட்டையைக் கட்டிக்கொண்டு, கருவிப்பையிலிருந்து சிலதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பத்துப் படி வரை தலை தெரிந்தது. அப்புறம் கயிறு நகர்வது மட்டும் தெரிந்தது. அன்று அவர் உடம்பு நின்றுபோன பாதிக் கிணற்று ஆழத்தில் கயிறும் நின்றது. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நேரம் என்று தெரியாது. கயிறு மறுபடி நகர்ந்தது.

நகர்வது நின்றதும் நான் குனிந்து, "எங்கீங்க இருக்கறீங்க?" என்று கத்தினேன்.

"மோட்டார் மேடையிலீங்க."

"பயம் எப்படி இருக்குதுங்க?"

கிணறு அவர் குரலைச் சுழற்றி மேலே அனுப்பியது. "நெறையா இருக்குதுங்க அம்மணி. காலு ரெண்டும் வெடவெடங்குது."

மேலே வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை மாதத்துக்குப் பிறகும் பயம் அப்படியே இருக்கிறதா, மறுபடியும் ஒரு மனுஷனைக் கொண்டுபோய் நடுக்கிணற்றில் நிறுத்திவிட்டோமா என்று டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குள் கீழேயிருந்து அடுத்த சத்தம் வந்தது. "அது ஒரு பக்கம் இருந்துட்டுப் போகுது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர மேலயே உட்டுப்போட்டு வந்துட்டேன். கயித்துல கட்டி எறக்கி உடுங்க, வெரசா."

டாக்டர் வரதராஜன் வெள்ளைச் சட்டையோடு செம்மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கருவிப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, நம்பர் தேய்ந்துபோன ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதுவா, இதுவா என்று என்னிடம் காட்டினார். எனக்கும் தெரியவில்லை. எஸ்தர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.